கொல்லிமலையில் சின்னதா ஒரு கடை கட்ட யாரிடம் அனுமதி வாங்கணும்? 'வீடு' என்று பிளான் வாங்கினால் என்ன சிக்கல்?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வார இறுதி என்றாலும் சரி, ஆடி மாதம் வல்வில் ஓரி விழா என்றாலும் சரி, மலைச்சாலையில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும். ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், சோளக்காடு சந்தை என்று சுற்றி வருபவர்களுக்கு டீ வேண்டும், சாப்பாடு வேண்டும், இரவு தங்க ஒரு இடம் வேண்டும்.

மலையில் உள்ள 14 நாடுகளில் பெரக்கரை நாடும் ஒன்று. 'நாடு' என்பது இங்கே ஊராட்சியின் பெயர். அங்கே சாலையோரம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளலாம். முன்னால் ஒரு டீக்கடை, பக்கத்தில் மிளகும் காபிக்கொட்டையும் வைத்து விற்க ஒரு அறை, மாடியில் சுற்றுலா வருபவர்களுக்கு இரண்டு ரூம். இதுதான் கனவு. மேஸ்திரி ரெடி. ஜல்லி, சிமென்ட் ஏற்றி வர வண்டியும் ரெடி. பிளான் அப்ரூவல்? "நம்ம பட்டா நிலம்தானே, மலை மேல யாரு வந்து கேக்கப் போறா?"

கேட்பார்கள். ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது கேட்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினையே. பேங்கில் கடன் கேட்டுப் போகும்போது கேட்பார்கள். கடைக்கு கரண்ட் கேட்கும்போது கேட்பார்கள். சில இடங்களில் இருபது வருடம் கழித்து, கோர்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார்கள். அப்போது சுவரை நகர்த்த முடியாது.

மலை மேல் அனுமதி தருவது யார்?

கீழே நாமக்கல்லில் என்றால் மாநகராட்சி. 2024-ல்தான் நாமக்கல் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. கொல்லிமலையில் நகராட்சியும் கிடையாது, மாநகராட்சியும் கிடையாது. அனுமதி தரும் அமைப்பு கிராம ஊராட்சி. ஊராட்சித் தலைவர்தான் அதன் செயல் அலுவலர். நாமக்கல் உட்பட 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அதன்பிறகு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாகப் பொறுப்பேற்றார்கள். அதனால் ஊராட்சி செயலரைப் பார்த்துவிட்டு, செம்மேட்டில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையும் பார்க்க வேண்டிய நிலை.

விதி என்னவோ ஊருக்கும் மலைக்கும் ஒன்றுதான். 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' 2019 பிப்ரவரியில் வந்தன. அதற்கு முன் மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. ஊராட்சிக்கு 1997-ம் ஆண்டு விதிகள். இப்போது சென்னை அண்ணா சாலையில் கட்டினாலும் பெரக்கரை நாட்டில் கட்டினாலும் அடிப்படைப் புத்தகம் ஒன்றே.

ஊராட்சி எவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி தரலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. வீடு என்றால் 10,000 சதுர அடி வரை. கடை, ஓட்டல் போன்ற வணிகக் கட்டடம் என்றால் 2,000 சதுர அடி வரைதான். அதைத் தாண்டினால் ஃபைல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். கீழே 1,100, மாடியில் 1,100 என்று கட்டுபவர்கள், "தரைத்தளம் சின்னதுதானே" என்று நினைத்து இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கணக்கில் வருவது மொத்தப் பரப்பு.

இன்னொரு விஷயம். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். ஆனாலும் தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் இல்லை. எனவே ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு இருக்கும் தனி அதிகாரங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. வழக்கமான ஊராட்சிச் சட்டம்தான்.

சைட் பிளான் என்றால் என்ன?

கட்டடத்தின் படம் வேறு, மனையின் படம் வேறு. அறை எங்கே, ஜன்னல் எங்கே, படிக்கட்டு எங்கே என்று காட்டுவது கட்டட வரைபடம். சைட் பிளான் என்பது மேலிருந்து பார்த்தால் மனை எப்படித் தெரியுமோ அது. நான்கு பக்க அளவுகள், சுற்றியுள்ள சர்வே எண்கள், முன்னால் இருக்கும் சாலையின் அகலம், வடக்கு எந்தப் பக்கம், கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விடப்படுகிறது, கழிவுநீர்த் தொட்டி எங்கே, கிணறு எங்கே, மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே, வண்டி நிறுத்த எங்கே இடம். எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

சமவெளியில் இது அரை நாள் வேலை. மலையில் அப்படி இல்லை. நிலம் சரிவில் இருக்கும். பட்டாவில் பத்து சென்ட் இருந்தாலும் கட்டக்கூடிய சமதளம் மூன்று சென்ட்தான் தேறும். மிச்சத்தை மண் வெட்டிச் சமப்படுத்தினால், மேல் பக்கம் மண் சரியும். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினால் அடுத்தவர் மிளகுக் கொடியை மூடும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை ஒன்று மனையின் ஓரத்தில் போகும். கோடையில் வந்து அளப்பவருக்கு அது வெறும் பள்ளமாகத் தெரியும். புல வரைபடத்தில் அது ஓடை என்று பதிவாகியிருந்தால், அதன் மேல் சைட் பிளானில் கழிப்பறை வரைந்து கொடுத்தவருக்கு மனு திரும்பி வரும்.

சாலை அகலமும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் தார் ரோடு வேறு, பதிவேட்டில் உள்ள சாலை வேறு. தார் ஓரத்திலிருந்து அளந்து கடையை வைத்துவிட்டு, பிறகு நெடுஞ்சாலைத் துறை தன் எல்லைக் கல்லைத் தேடி வரும்போது, கடையின் முன்பக்கத் தாழ்வாரம் அரசு நிலத்தில் நிற்பது தெரியவரும்.

வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டட வடிவமைப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். மலைக்கு வராமலே, வாட்ஸ்அப்பில் வந்த அளவை வைத்து வரைந்து தருபவர்களும் உண்டு. அந்தக் காகிதம் மலிவாகக் கிடைக்கும். நேரில் ஆய்வுக்கு வரும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியும்.

பட்டா இருக்கிறது, ஆனால் எந்தப் பட்டா?

கொல்லிமலையில் கடை கட்ட நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கட்டடத்தின் அளவைவிட இதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

நத்தம் பட்டா என்றால் அது குடியிருப்பு நிலம், சிக்கல் குறைவு. சாதாரண ரயத்துவாரி பட்டா என்றால் நிலம் சொந்தம், ஆனால் பதிவேட்டில் அது புன்செய் விவசாய நிலமாக இருக்கும். விவசாய நிலத்தில் கடை கட்ட, நிலப் பயன்பாட்டை மாற்றித் தர அனுமதி வேண்டும். திட்டப் பகுதிகளுக்கு வெளியே இதற்கென 2017-ல் தனி விதிகள் வந்தன. "காலங்காலமா நம்ம நிலம்" என்பது உரிமைக்குப் பதில். பயன்பாட்டுக்கு அது பதில் ஆகாது.

அரசு ஒப்படைத்த நிலம் என்றால் அது நிபந்தனைப் பட்டாவாக இருக்கலாம். இத்தனை வருடம் விற்கக் கூடாது, விவசாயத்துக்கு மட்டும், இன்ன பிரிவினருக்குத்தான் கைமாற்றலாம் என்றெல்லாம் ஒப்படைப்பு ஆணையில் எழுதியிருக்கும். பட்டாவில் அந்த வரி பளிச்சென்று தெரியாது. ஆணையின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்தால்தான் தெரியும். நிபந்தனையை மீறினால் நிலத்தையே அரசு திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். மலையடிவாரத்திலிருந்து வந்து நிலம் வாங்கி ரிசார்ட் போட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு நிலத்தைத் தரும் குடும்பமும்தான்.

மூன்றாவது வகை, வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் கிடைத்த உரிமைப் பத்திரம். இது பட்டா மாதிரியே தெரியும். ஆனால் சட்டம் தருவது வனநிலத்தில் குடியிருக்கவும், பிழைப்புக்காகச் சொந்தமாகச் சாகுபடி செய்யவுமான உரிமை. வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றித் தரவோ முடியாது. அதிகபட்சம் 4 ஹெக்டேர். டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடுவது 'குடியிருப்பு', 'சாகுபடி' என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் வராது. அந்தக் குடும்பம் வீடு கட்டிக்கொள்ளலாம். கடையும் லாட்ஜும் வேறு கதை.

பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் பார்த்துக்கொள்ளலாம். வில்லங்கம் பதிவுத் துறை இணையதளத்தில். மலை மேல் சிக்னல் கிடைக்காத இடங்களில் இ-சேவை மையம்தான் வழி.

மனை பெரிய நிலத்திலிருந்து பிரித்து வாங்கியதா என்பதும் முக்கியம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டு திட்டத்தில் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட மனைக்குக் கட்டட அனுமதியும் கிடைக்காது.

மலைக் கிராமம் என்றால் கூடுதலாக என்ன?

தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளைப் பாதுகாக்க 1990-ல் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 'ஹாகா' என்றால் அலுவலகங்களில் உடனே புரியும். அதன் பட்டியலில் உள்ள வருவாய்க் கிராமம் என்றால், மண் சரியுமா, நீரோட்டம் தடைபடுமா, காட்டு எல்லைக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்த்த பிறகே அனுமதி. புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் கேட்கப்படும். மூன்று அலுவலகம், மூன்று ஆய்வு, மூன்று விதமான காத்திருப்பு. டீக்கடைக்கு இவ்வளவா என்று கோபம் வருவது நியாயம்தான். பெரிய ரிசார்ட் முதலாளி இதற்கென்று ஆள் வைத்துக்கொள்வார்; மிளகு விற்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வர வேண்டும். இந்த இடத்தில் விதி இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சுமை ஒன்றல்ல.

அதனால் முதல் வேலையாக, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த இடம் ஹாகா பட்டியலில் வருகிறதா, காப்புக்காட்டு எல்லை பக்கத்தில் இருக்கிறதா" என்று நாமக்கல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. வாய்மொழிப் பதில் ஃபைலில் ஏறாது.

'வீடு' என்று பிளான் வாங்கிக் கடை கட்டினால்?

இந்தக் குறுக்கு வழி மலைக்கு மட்டும் உரியதில்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. காரணமும் எளிது. 2024 ஜூலை 22-ல் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். ஆனால் அது குடியிருப்புக்காகத் தொடங்கப்பட்ட திட்டம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டே நாளில் அப்ரூவல் வாங்கியதைப் பார்த்து, கடை கட்டுபவரும் 'வீடு' என்று பதிந்துவிடுகிறார். ஆன்லைனில் யாரும் தடுப்பதில்லை. கட்டி முடித்ததும் கீழே ஷட்டர் இறங்குகிறது.

இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் மீரட் வழக்கைப் பார்க்கலாம். சாஸ்திரி நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டப்பட்டன. பல வருடம் வியாபாரமும் நடந்தது. 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "இவ்வளவு நாள் யாரும் கேட்கல", "வரி கட்டியிருக்கோம்", "நிறைய செலவு பண்ணிட்டோம்" போன்ற எந்த வாதமும் சட்டவிரோதக் கட்டடத்தைச் சட்டப்படி ஆக்காது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில உத்தரவுகளையும் போட்டது. கட்டி முடிக்கும் வரை அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. கட்டடத்தை அடமானம் வைத்துக் கடன் தரும் வங்கிகளும் அதைச் சரிபார்க்க வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தில் வியாபாரம் செய்ய எந்த அமைப்பும் உரிமம் தரக் கூடாது. அதாவது, காகிதம் இல்லாத கடை இனிமேல் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் 300 சதுர மீட்டருக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள் உள்ள சிறிய வணிகக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, "சின்னக் கடைக்கு அப்ரூவலே வேண்டாமாம்" என்று டீக்கடை பெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். விலக்கு கடைசியில் வாங்கும் சான்றுக்கு மட்டும்தான். முதலில் வாங்கும் அனுமதிக்கு விலக்கு கிடையாது. அனுமதியே இல்லாத கட்டடத்துக்கு அந்த விலக்கும் உதவாது.

மற்ற மலைகளில் என்ன நடந்தது?

கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் விவகாரம் பலருக்கு அரசியல் வழக்காகத்தான் நினைவிருக்கும். அடிப்படையில் அது ஒரு கட்டட அனுமதிப் பிரச்சினை. இரண்டு தளத்துக்கு அனுமதி. எழுந்தது ஏழு தளம். விதியைத் தளர்த்தி அரசு கொடுத்த ஆணையை 1990-களில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, கூடுதல் தளங்கள் போக வேண்டும் என்றது. அரசே கையெழுத்துப் போட்ட தளர்வும் நிற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நீலகிரியில் 2018 ஆகஸ்டில் சீகூர் யானை வழித்தட விடுதிகளுக்கு சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மொத்தம் 39 விடுதிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. முதலில் பூட்டு விழுந்தது எந்தக் கட்டடங்களுக்கு? அனுமதி ஆவணம் இல்லாத 27-க்கு. மற்ற 12 விடுதிகளுக்கு ஆவணங்களைக் காட்ட அவகாசம் கிடைத்தது. கையில் காகிதம் இருந்தவருக்குப் பேச ஒரு வாய்ப்பாவது இருந்தது.

எவ்வளவு செலவாகும்?

ஆய்வுக் கட்டணம், உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்று பரப்பளவைப் பொறுத்து வரும். வணிகத்துக்கு வீட்டைவிட அதிகம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும். நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். எல்லாம் ஆன்லைனில் ரசீதோடு கட்ட வேண்டியவை. ரசீது இல்லாமல் கேட்கப்படும் தொகை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் கிராமக் கடைகளுக்குத் தொழில் உரிமம் கட்டாயம் என்று புதிய விதிகள் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அவற்றை நிறுத்தி வைத்தது. நிறுத்தப்பட்டது தொழில் உரிம விதி. கட்டட விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தனியாக வேண்டும்.

ஏற்கெனவே கட்டியாச்சு, இப்போ என்ன வழி?

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57-வது பிரிவுகளின்படி நோட்டீஸ் வரலாம். வேலை நடந்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்வது ஒன்று, கட்டியதை எடுக்கச் சொல்வது மற்றொன்று. 113-சி பிரிவின் வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1 வரை கட்டப்பட்ட கட்டடங்களுக்குத்தான். போன வருடம் கட்டிய கடையை அதற்குள் நுழைக்க முடியாது. விதிக்குள் வரக்கூடிய அளவில் இருந்தால், மாற்ற வேண்டிய பகுதியை மாற்றி, புதிதாக விண்ணப்பிப்பதே நேரான வழி. நோட்டீஸை வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வதால் பயன் இல்லை. சுவரில் ஒட்டினாலே கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

வீட்டு வரி ரசீதையோ பழைய மின் கட்டண அட்டையையோ காட்டி "அனுமதி இருக்கு" என்று சொல்ல முடியாது. வரி, கட்டடம் இருக்கிறது என்பதற்காக வசூலிக்கப்படுவது. அது முறையாகக் கட்டப்பட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

மனு தூங்கினால்?

ஒற்றைச் சாளர இணையதளத்தில் போட்ட மனுவுக்கு ஒரு எண் இருக்கும். எந்த மேசையில் நிற்கிறது என்று அதில் பார்க்கலாம். நகரவே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "திருத்தம் வேணும்" என்று திருப்பி அனுப்பினால், எந்த விதியின் கீழ் என்ன திருத்தம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். திட்ட அனுமதியை மறுத்து ஆணை வந்தால், அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு இரண்டு மாதம்தான் கெடு. மலையில் தபால் தாமதமாக வரும் ஊர்களில், ஆணை கைக்கு வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.